வீமனும் ஒரு வினைச்சொல்லும்

உடுவிலில் என் வீட்டுப் படலையருகே ஒரு வேம்பு நிற்கின்றது. நாள்தோறும் காலை ஆறு மணியளவில் அவ்வேம்பின் அடியில் நிகழும் ஒரு சிறு காரியத்தை யான் கடிகாரமுங் கையுமாக நின்று கவனித்து வருகின்றேன். அது நிகழ்ந்த பின்னரே எனக்குத் தேநீர் இறங்கும். வீதியாற் செல்வோர், பண்டிதர் வேப்பங்காற்று வாங்குகின்றார் என எண்ணிச் செல்வர். உண்மை அஃதன்று. எங்கள் வீட்டு நாயாகிய வீமன் தடையின்றிச் சலம் விடுகின்றானா என்பதைப் பார்த்தற்கே யான் அங்கு நிற்கின்றேன்.

இலக்கியப் பகுதிக்கு இஃதொரு பொருளா என நேயர்கள் முகஞ் சுளித்தல் கூடும். சற்றுப் பொறுத்தருளுக. யான் எழுத வந்தது ஒரு சொல்லைப் பற்றியே. ஒரு வினைச்சொல்லுக்குப் பிழையாகப் பொருள் கொண்டமையால் ஓர் உயிர் போகவிருந்தது. அவ்வாறு பொருள் கொண்டவனும் பள்ளிச் சிறுவன் அல்லன். 28 ஆண்டுகளாகச் சொல்லதிகாரம் கற்பித்து வரும் யானே.

வீமன் என்னும் பெயரைக் கேட்டு எவரும் பேருருவத்தை எண்ணவேண்டா. அவன் முழங்காலுயரமுள்ள சடைநாய், பொமரேனியன் கலப்பு. குட்டியாய் வந்த அன்றே தன்னிலும் பெரிய சட்டிச் சோற்றை உண்டு முடித்தமையால் என் மகள் அவனுக்கு அப்பெயரை இட்டாள். இப்போது அவனுக்கு வயது 8. கீழைத்தேயக் கல்லூரியிலே பண்டித வகுப்புக்குரிய பாடங்களை யான் இரவில் ஆயத்தஞ் செய்யும்போது என் நாற்காலியின் கீழே கிடப்பான். யாப்பருங்கலக்காரிகையை அவன் கேட்ட அளவு என் மாணவர் பலர் கேட்டிலர்.

நாய்க்குத் தமிழிலே பெயர்ப் பஞ்சம் இல்லை. ஞமலி, ஞாளி, சுணங்கன், எகினம், சுவானம் என நிகண்டு வழியாக வந்த பெயர்களை மூச்சுவிடாது ஒப்புவிக்க வல்லேன். அடியார் தம்மைத் தாழ்த்தி ‘நாயேன்’ எனக் கூறிக்கொள்ளும் வழக்கின் நயத்தையும் வகுப்பிலே பன்முறை விளக்கியுள்ளேன். ஆயினும், நாயேன் என்பதை விளக்கிய யான் நாயை உற்று நோக்கியவன் அல்லன் என்பது கடந்த ஆண்டு ஒரு வார இறுதியிலேதான் எனக்குப் புலனாயிற்று.

அன்று வியாழக்கிழமை மாலை. வீமன் வேம்படியிலே காலைத் தூக்கியபடி நெடுநேரம் நின்றான். பின்னர் முற்றத்து மூலைக்குச் சென்று, முதுகை வளைத்துக் குந்தி வருந்தினான். மீண்டும் எழுந்தான், மீண்டும் குந்தினான். அதனைக் கண்ட என் மனைவி அடுக்களை வாயிலில் நின்று, “இஞ்சருங்கோ, வீமன் ஏனோ முக்கிக்கொண்டு நிக்கிறான்” என்றாள். யான் விடைத்தாளிலிருந்து தலையை எடாமலே, “மலக்கட்டாயிருக்கும், முந்தநாள் எலும்பு திண்டவனெல்லோ” என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். மறுநாட் காலை, சோற்றுக் கஞ்சியில் ஆமணக்கெண்ணெய் இரண்டு கரண்டி கலந்து ஊட்டினோம். எண்ணெய் தன் வேலையைச் செய்தது. ஆயினும் வீமன் முக்குவதை விட்டானில்லை. எண்ணெய் போதாது போலும் என்றே யான் எண்ணினேன்.

முக்குதல் என்பது மூச்சை அடக்கி உள்ளிருப்பதை வெளித்தள்ள முயலுதல். எதனைத் தள்ளுதல் என்பது அச்சொல்லிலே இல்லை. என் மனைவி கூறிய வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை. அதனை யான் வருவித்துக்கொண்டேன். சொல்லெச்சத்தை வருவித்துரைத்தல் உரையாசிரியர்க்கு உரியதே. ஆனால் அவர் இடம் நோக்கி வருவிப்பர். யான் இடத்தை நோக்கவில்லை. நோக்கியிருப்பின், இரண்டு வாரங்களாக வீமன் அடிக்கடி காலைத் தூக்குவதும், சில துளிகளே விழுவதும், குறியை ஓயாது நக்குவதும் கண்ணிற் பட்டிருக்கும். வேம்படி மணலிலே செந்நிறத் துளிகள் கிடந்ததைக் கண்டும், யாரோ வழிப்போக்கர் துப்பிய வெற்றிலை எச்சில் எனக் கடந்து சென்றேன்.

சனிக்கிழமை விடிந்தபோது அவன் நாற்காலியின் கீழிருந்து எழவில்லை. இரவு இரண்டு முறை சத்தி எடுத்திருந்தான். காதுகள் குளிர்ந்திருந்தன. யான் பெயர் சொல்லி அழைத்ததும் வாலின் நுனி மட்டும் அசைந்தது. நல்ல நட்புக்கு நாயை உவமை கூறும் பாட்டொன்று நாலடியாரில் உண்டு. தனக்கு ஊறு செய்தோன் முன்னிலையிலும் அது வாலைக் குழைக்கும் என்பது அதன் கருத்து. அப்பாட்டைப் பல ஆண்டுகள் படிப்பித்திருக்கின்றேன். ஊறு செய்தோனாக யானே அதன் முன் நின்றது அன்றுதான்.

அவ்வேளை, வழக்கம்போலப் பத்திரிகை பார்க்க வந்தார் அயல்வீட்டுப் பரியாரியார். எண்பதைக் கடந்தவர், பரம்பரை வைத்தியர். அவர் மெல்லக் குந்தி, நாயின் அடிவயிற்றைத் தடவினார்.

“பண்டிதர், உந்த வயித்தை ஒருக்காத் தொட்டுப் பாரும்.”

தொட்டேன். தோலுக்குள் ஒரு தோடம்பழம் இருப்பதுபோல உருண்டு இறுகி இருந்தது. வீமன் முனகினான்.

“உது மலக்கட்டில்லை. நீரடைப்பு. எண்ணெய் குடுத்து என்ன செய்யிறது?”

“அப்பிடியெண்டால் நெருஞ்சிக் கசாயம் வைச்சுக் குடுக்கலாமோ?”

“படிச்ச மனுசன் கேக்கிற கேள்வியே இது? நெருஞ்சியும் சிறுபீளையும் நீரைப் பெருக்கிற சாமான். வாசல் பூட்டிக் கிடக்கேக்கை உள்ளுக்கை தண்ணியைப் பெருக்கினால் வீடு என்னாகும்? இது கத்தி படவேண்டிய வருத்தம். இருந்து கதையாமல் உடன கொண்டுபோம்.”

தம் கலையின் எல்லையைத் தாமே வகுத்துக் கூறும் வைத்தியரே வைத்தியர். அந்த முதியவருக்கு யான் என்றும் கடப்பாடுடையேன்.

ஓட்டோ ஒன்றை அழைத்துக்கொண்டு யாழ்ப்பாண நகரத்திலே மிருகவைத்தியர் ஒருவரிடஞ் சென்றோம். பேராதனையிற் பயின்ற இளைஞர். நாயை மேசையிற் கிடத்தி, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே, “கடைசியா எப்ப சலம் போனது, ஐயா?” என்று வினவினார்.

யான் விடை கூறவில்லை. விடை எனக்குத் தெரியாது. நாய்க்குரிய பெயர்கள் அத்தனையும் அறிந்த எனக்கு, எட்டாண்டுகள் என் காலடியிற் கிடந்த நாய் கடைசியாக எப்போது சலம் விட்டது என்பது தெரியாது. என் மகளே குறுக்கிட்டு, “புதன் இரவுக்குப் பிறகு ஒழுங்காப் போகேல்லை, டொக்டர்” என்றாள். அவ்வொரு வினாவிலே, யான் தவறவிட்ட செயப்படுபொருள் வந்து நின்றது.

நீரடைப்பு என்பது வலியோடு மட்டும் அமையும் நோயன்று. சிறுநீரகங்கள் குருதியிலிருந்து கழிவைப் பிரித்துச் சிறுநீர்ப்பைக்கு அனுப்புகின்றன. வெளியேறும் வழி முற்றாக அடைபட்டால், பின்னோக்கிய அமுக்கத்தால் சிறுநீரகங்கள் தம் தொழிலை இழக்கின்றன. கழிவுகள் குருதியிலேயே தங்குகின்றன. அவற்றோடு பொற்றாசியம் என்னும் மூலகமும் குருதியிற் பெருகுகின்றது. பொற்றாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு மந்தமாகும். மேலும் மிகுந்தால் நின்றுவிடும். நாயினுடைய வழி முற்றாக அடைபட்டு, அதற்குச் சிகிச்சையும் இல்லையாயின், ஒருசில நாட்களுள் இறப்பு நேரும். சில வேளைகளில் சிறுநீர்ப்பையே கிழிந்துவிடுதலும் உண்டு. வீமனுடைய இதயம் அப்போது மந்தமாகவே அடித்துக்கொண்டிருந்தது.

உடனே கத்தியை எடுப்பார் என யான் நினைத்தேன். அவர் எடுக்கவில்லை. நலிந்த இதயத்தோடு கிடக்கும் உயிருக்கு மயக்கமருந்து கொடுத்தல் ஆபத்து. ஆதலின் முதலிலே நரம்பினூடாகச் சேலைன் ஏற்றினார். இதயத்தைக் காக்கும் பொருட்டுக் கல்சியம் மருந்தையும் மெல்லச் செலுத்தினார். பின்னர் மெல்லிய ஊசியொன்றை அடிவயிற்றுத் தோலினூடாகச் சிறுநீர்ப்பையுள் நுழைத்து, தேங்கியிருந்த நீரை உறிஞ்சி எடுத்தார். இரத்தம் கலந்த அந்நீர் பெரியதொரு கோப்பையை நிரப்பிற்று. வீமன் நீண்ட பெருமூச்சொன்று விட்டான். அந்த ஒலியை யான் இன்னும் மறக்கவில்லை.

அதன்பின் எக்ஸ்றேப் படம் எடுத்தனர். சிறுநீர்ப்பையுள் மணல்மணியாய்ச் சில கற்கள் கிடந்தன. ஒன்று மட்டும் கீழிறங்கி வந்து வழியிலே சிக்கியிருந்தது. ஏன் அவ்விடத்திலே சிக்கிற்று என்பதை வைத்தியர் படத்தைக் காட்டி விளக்கினார். ஆண் நாயின் குறிக்குள்ளே ஓர் எலும்பு உண்டு, மனிதருக்கு அஃதில்லை. அவ்வெலும்பின் அடிப்புறத்திலே நீளமான தவாளிப்பொன்று ஓடுகின்றது. சிறுநீர்வழி அத்தவாளிப்பினூடாகவே செல்கின்றது. ஏனைய இடங்களிலே ஓரளவு விரிந்துகொடுக்கும் அவ்வழி, எலும்பு அணைத்த அவ்விடத்தில் விரியமாட்டாது. ஆகவே மேலிருந்து உருண்டு வரும் கல், எலும்பின் பின்னெல்லையை அடைந்ததும் மதகில் அகப்பட்ட கல்லைப்போல நின்றுவிடுகின்றது. பெண் நாயின் வழி நீளத்திற் குறைந்தது, அகலத்திற் கூடியது. ஆதலின் பெண் நாய்க்குக் கல் உண்டானாலும் வழி அடைபடுதல் அருமை.

நாய்களுக்கு உண்டாகும் கற்களும் ஓரினத்தன அல்ல. கிருமித் தொற்றால் நீர் காரத்தன்மை அடையும்போது மகனீசியம் அமோனியம் பொசுபேற்றுக் கற்கள் உண்டாகும். அவற்றைத் தகுந்த உணவாலும் கிருமிக்கொல்லி மருந்தாலும் கரைத்தல் பெரும்பாலும் இயலும். கல்சியம் ஒட்சலேற்றுக் கற்களோ எவ்வுணவுக்கும் கரையா. புள்ளி நாய் எனப்படும் டல்மேசியன் இனத்துக்குப் பிறவியிலேயே யூரிக்கமிலம் மிகுதியாகக் கழிகின்றது. அதனால் வேறொருவகைக் கற்கள் உண்டாகின்றன. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2008இல் கண்டறியப்பட்டது. எங்கள் ஊரிலே எந்தக் கல்லுக்கும் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரையே காரணங் கூறுவது வழக்கம். கல்லின் வகை பலவாயிருக்க, காரணம் ஒன்றாயிருத்தல் எங்ஙனம்? தொற்று, இனம், உணவு, நீர் குடிக்கும் அளவு எனப் பலவும் சேர்ந்தே கல்லை ஆக்குகின்றன.

அடைத்து நிற்குங் கல்லை வெட்டாமல் நீக்க ஒரு வழி உண்டு. மெல்லிய குழாயொன்றைக் குறியின் நுனியாற் செலுத்தி, அதனூடாகச் சேலைன் நீரை அமுக்கத்தோடு பாய்ச்சுவர். அவ்வேளை மற்றொருவர் மலவாய் வழியாக விரலை நுழைத்துச் சிறுநீர்வழியை எலும்போடு சேர்த்து அழுத்திக்கொள்வார். நீரடக்கப்பட்ட வழி அகன்று நிற்கும். சடுதியாக விரலைத் தளர்த்தியதும் கல் நீரோடு அடிபட்டுப் பின்சென்று சிறுநீர்ப்பையுள் விழும். பையுள் விழுந்த கல்லைப் பின்னர்ப் பையைத் திறந்து எடுத்துவிடலாம். இதனாலேயே பெரும்பாலான நாய்கள் பிழைத்துவிடுகின்றன என்றார். வீமனுக்கு மயக்கங் கொடுத்து மும்முறை அவ்வாறு செய்து பார்த்தனர். பையிலிருந்த கற்கள் எளியன. வழியிலிருந்த கல் அசையவில்லை. இரண்டு வாரங்கள் உராய்ந்து உராய்ந்து அது சுவரிலே பதிந்துவிட்டது. அந்த இரண்டு வாரங்கள் வெற்றிலை எச்சில் என்று யான் கடந்து சென்ற நாட்களே.

வைத்தியர் வெளியே வந்து என்னிடம் இரண்டு வழிகளைக் கூறினார். ஒன்று, கல் நிற்கும் இடத்தைக் கீறிக் கல்லை எடுத்து, அப்புண் ஆற விடுதல். ஆனால் சுவர் ஏற்கெனவே புண்பட்டுள்ளது. ஆறும்போது தழும்பு சுருங்கி வழி மேலும் ஒடுங்கக்கூடும். மறுமுறை கல் வந்தால் மீண்டும் இதே இடர். மற்றையது, எலும்புக்குப் பின்புறத்தே, விதைப்பை இருக்கும் இடத்தில், சிறுநீர்வழிக்கு நிலையான புதுவாயில் ஒன்று அமைத்தல். அவ்விடத்திலே வழி அகன்றது, தோலுக்கு அண்மையிலுள்ளது, அதைச் சூழ்ந்து குருதி நிறைந்த பஞ்சுபோன்ற பகுதியும் குறைவு, ஆதலால் இரத்தப்போக்குங் குறைவு. விதைகளையும் விதைப்பையையும் அகற்றி, வழியை நீளவாக்கிற் பிளந்து, அதன் உட்சவ்வைத் தோலின் விளிம்போடு நுண்ணிய நூலால் தைத்துவிடுவர். பூனைகளுக்கு இத்தகைய வாயிலை மலவாய்க்குக் கீழே அமைப்பர். நாய்க்கு இவ்விடமே சிறந்தது. இனி வரும் சிறு கற்கள் எலும்பு நெருக்கும் இடத்தை அடையாமலே வெளியேறும்.

எனக்கு விளங்கிற்று. எங்கள் தோட்டங்களிலே வாய்க்காலில் ஓரிடம் தூர்ந்துபோனால், அதனோடு மல்லுக்கட்டாமல் அதற்கு முன்னே வரம்பை வெட்டித் தண்ணீர் மாறுவர். அதுவே இது.

“ஐயா, செய்தாலும் பிழைப்பானெண்டு உறுதி சொல்லேலாது. செய்யாட்டில் பிழைக்கமாட்டான். நீங்கள்தான் ஒப்பம் வைக்கவேணும்” என்றார்.

அச்சொற்களை யான் முன்பே எங்கோ கேட்டதாகத் தோன்றிற்று. சுசுருத சங்கிதை மனிதருக்கு உண்டாகும் கல்லடைப்பை அச்மரி எனப் பெயரிட்டு நால்வகையாகப் பிரிக்கின்றது. மலவாய்க்கு முன்புறத்தே கீறிக் கல்லை எடுக்கும் முறையையும் கூறுகின்றது. கூறுமிடத்து, கைவிட்டால் இறப்பு நிச்சயம், கைவைத்தால் பிழைப்பது ஐயம், ஆகையால் தலைவனிடம் கேட்டுக்கொண்டே தொடங்குக என வைத்தியனை எச்சரிக்கின்றது. கிரேக்க நாட்டு இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியோ, கல்லுக்காகக் கத்தியெடுப்பதை அதில் வல்லார்க்கே விட்டுவிடுவதாக வைத்தியனைச் சொல்லச் செய்கின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளாக வைத்தியர் அஞ்சி நின்ற வாயிலில், ஒரு சடைநாயின் பொருட்டு யான் நின்றேன்.

உடன் வந்த உறவினர் ஒருவர், “நாய்க்கு ஒப்பரேசனோ, அண்ணை? உந்தக் காசுக்கு நாலு குட்டி வாங்கலாமே” என்றார். அவர் கொடியவர் அல்லர். என் சம்பளத்தை அறிந்தவர். அன்று கேட்கப்பட்ட தொகை என் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி. ஆயினும் யான் ஒப்பம் வைத்தேன். அது கருணை என எவரும் எண்ணவேண்டா. என் பிழையின் விலையை நாய் கட்ட, யான் புதுக்குட்டி வாங்குதல் எவ்வகையில் அறம்?

உள்ளே சத்திரசிகிச்சை நடந்தது. வெளியே வாங்கிலிருந்த என் மனம் அயலூராகிய மானிப்பாய்க்குச் சென்றது. 1846இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே ஈதர் மயக்கத்தில் வலியின்றிக் கத்தி வைக்கலாம் என்பது வெளிப்படையாகக் காட்டப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே இலங்கைக்கு வந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயிலிருந்து அவர் ஆற்றிய பணிகளுள் பெரியது, மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தமை. அவர் தமிழாக்கிய அறுவை நூல் ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரால் 1867இல் வெளிவந்தது. ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வந்தது. 1884இல் அவர் காலமானார். உறுப்புக்கும் நோய்க்கும் கருவிக்கும் அவர் தமிழ்ச் சொல் தேடியதை யான் மாணவர்க்கு மொழித்தொண்டு என்றே சொல்லி வந்திருக்கின்றேன். அன்று அந்த வாங்கிலிருந்தபோது அது உயிர்த்தொண்டு என்பதும் விளங்கிற்று. பெயரில்லாத உறுப்பைக் கண் காண்பதில்லை. பெயர் மயங்கினால் கை மயங்கும்.

இன்றும் அம்மயக்கம் முற்றாகத் தீர்ந்ததன்று. சிறுநீரகத்திலிருந்து பைக்கு நீரைக் கொணரும் குழாயையும், பையிலிருந்து வெளியே விடும் குழாயையும் பொதுமக்கள் ‘சிறுநீர்க்குழாய்’ என்றே ஒருங்கு வழங்குகின்றனர். எங்கள் பாடநூல்கள் முன்னதைச் சிறுநீர்க்கான் என்றும், பின்னதைச் சிறுநீர்வழி என்றும் பிரித்துரைத்தல் நன்று. கிறீனின் நூல் மனுஷருடைய அங்காதிபாதம். வாயில்லா உயிர்களுக்கு அத்துணை விரிந்த சொற்களஞ்சியம் நம்மவர் நாவில் வந்து சேரவில்லை. சென்னையிலே 1903ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. பேராதனையிலே மிருகவைத்திய பீடம் உள்ளது. அங்கே கற்றவர் ஆங்கிலத்திற் கற்ற அறிவை மாடு வளர்ப்போனுக்கும் நாய் வளர்ப்போனுக்கும் தமிழிலே சொல்லவேண்டியவராகின்றனர். ஆண் நாயின் அந்த எலும்பைக் ‘குறியென்பு’ எனலாமோ என அவ்வைத்தியரைப் பின்னர்க் கேட்டேன். “சொல்லலாம் ஐயா, விளங்குது” என்றார். பண்டிதர் சபையின் ஒப்புதலிலும் அது எனக்கு மகிழ்ச்சி தந்தது.

இரண்டு மணித்தியாலங்களின் பின் அவர் வெளியே வந்து ஒரு சிறு போத்தலைக் கையிற் தந்தார். அதற்குள் ஏழு கற்கள். வழியை அடைத்து நின்றது மிளகளவே இருந்தது, முள்முள்ளாய்க் கரடுமுரடானது. ஆங்கில நாட்குறிப்பாசிரியர் சாமுவேல் பீப்பிசு என்பார் 1658இல் மயக்கமருந்து எதுவுமின்றிக் கல் அறுவைக்குத் தம்மை உட்படுத்திப் பிழைத்தார். எடுத்த கல்லைப் பேழையில் வைத்துப் போற்றி, அந்த நாளை ஆண்டுதோறும் விருந்திட்டுக் கொண்டாடினார். எங்கள் கற்களைப் பேழையில் வைக்கவில்லை, பரிசோதனைக்கு அனுப்பினோம். கல்சியம் ஒட்சலேற்று என விடை வந்தது. கரையாத இனம், மீண்டும் வரக்கூடியது. புதுவாயில் அமைத்தது நன்றாயிற்று.

சிகிச்சைக்குப் பிந்திய நாட்களும் எளியன அல்ல. வீமன் புண்ணை நக்காதிருக்க, பிளாத்திக்கு வாளியொன்றின் அடியை வெட்டி அவன் கழுத்தில் மாட்டினோம். அக்கோலத்திலே அவன் கதவுநிலைகளில் முட்டித் திரிந்ததைப் பார்த்து அயற்பிள்ளைகள் சிரித்தனர். முதல் வாரம் முழுவதும் சலத்தோடு இரத்தத்துளிகள் வந்தன. அது எதிர்பார்த்ததே என வைத்தியர் முன்னரே கூறியிருந்தும், ஒவ்வொரு துளிக்கும் என் மனைவி பதறினாள். சலம் பட்டு அயற்றோல் வெந்துபோகாதபடி, தையலிற் படாமற் சுற்றிவர வசிலின் பூசினோம். பதினான்காம் நாள் தையல் நீக்கப்பட்டது. புதுவாயில் அமைந்த நாய்க்குச் சிறுநீர்ப்பையிலே கிருமித் தொற்று எளிதில் ஏற்படக்கூடும். ஆதலின் காலத்துக்குக் காலம் சலத்தைச் சோதித்துப் பார்க்கின்றோம். கல் திரளாதிருக்க நீர் மிகவேண்டும் என்பதால் அவன் உணவைத் தண்ணீர்விட்டுக் குழைத்தே வைக்கின்றோம். அவன் பழக்கத்தால் வேம்படியிலே இன்னும் காலைத் தூக்குகின்றான். நீர் மட்டும் பின்னங்கால்களின் நடுவே நேராய் நிலத்தில் விழுகின்றது. அதனாலே அவனுக்கு எக்குறையும் இருப்பதாய்த் தோன்றவில்லை.

அடுத்த தவணை தொடங்கியபோது வகுப்பிலே வினையியல் வந்தது. கரும்பலகையில் ‘முக்கினான்’ என எழுதி, பொருள் கூறுமாறு கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, “எதை, ஐயா?” என்று திருப்பிக் கேட்டாள். அவளை இருக்கச் சொல்லிவிட்டு, வீமன் கதை முழுவதையும் கூறினேன். அன்று இலக்கணம் ஒரு பக்கமும் நகரவில்லை. அதற்காக யான் வருந்தவில்லை.

நாய் வளர்க்கும் நேயர்களுக்கு யான் கூறுவது இவ்வளவே. நாய் முக்கினால் எதற்கு முக்குகின்றது என்று பாருங்கள். கீழே நிலம் நனைந்ததா என்று பாருங்கள். துளித்துளியாய் விழுந்தாலும், செந்நிறம் கண்டாலும் அன்றே வைத்தியரிடஞ் செல்லுங்கள். ஒரு துளியும் விழாதாயின் எண்ணெயும் வேண்டா, கசாயமும் வேண்டா, விடியட்டும் என்று காத்திருத்தலும் வேண்டா. அந்த மணித்தியாலமே புறப்படுங்கள். கல் சிறிதாயிருக்கையிற் சென்றால், நீரைப் பாய்ச்சியே பின்தள்ளிவிடக்கூடும். பிந்திச் சென்றால் கத்தி. மேலும் பிந்திச் சென்றால் மண்வெட்டி.

இதனை எழுதி முடிக்கும்போது பொழுது புலர்ந்துவிட்டது. இப்போதுதான் வேம்படிக்குச் சென்று வந்தேன். மணி 6.10. தடையின்றிப் போயிற்று. இனித் தேநீர் குடிக்கலாம்.